கடைக்காரியே சொல்கிறேன், உடனே வாங்காதீர்கள்

வண்டி கேள்வி பதில்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை நடத்தும் அக்கா வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அக்கா, என்னிடம் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இருக்கிறது. எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போவதும், விடுமுறையில் நண்பர்களோடு குவாலா மூ பக்கம் காட்டு வழியில் போவதும் அதில்தான். இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய சேற்று டயர் மாட்டியிருக்கிறேன். சில மாதங்களாக 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் ஆடுகிறது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் ஆட்டம் நிற்கிறது. ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எதை வாங்குவது? நானே மாற்ற முடியுமா?
(வாசகர், லாசா)

பதில்: மாற்றலாம், தம்பி. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. நட்டில் துரு ஏறியிருந்தால் அரை நாள். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு உடனே கடைக்கு வந்துவிடாதீர்கள். டேம்பர் விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வண்டியில் கடைசியாகத் தொட வேண்டிய பொருள் அதுதான்.

பட்டறைக்காரர் ஸ்டெபிலைசர் என்றதும், நாங்கள் டேம்பர் என்று பெட்டியோடு எடுத்துத் தருவதும் ஒன்றே. படுக்கைவாட்டில் மாட்டிய ஷாக் அப்சார்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சக்கரத்தைத் திருப்பும் தண்டில் இருக்கும். மறு முனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலோ அச்சிலோ அசையாத ஓர் இடத்தில் இருக்கும். உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். நீங்கள் நிதானமாகத் திருப்பும்போது எண்ணெய் துளை வழியே போய் வந்துகொண்டிருக்கும், கைக்குப் பாரம் தெரியாது. சக்கரம் கல்லில் மோதி வெடுக்கென்று திரும்பும்போது எண்ணெயால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. அந்த எதிர்ப்புதான் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அதன் வேலை அவ்வளவே. தேய்ந்த மூட்டை அது இறுக்காது, கோணல் போன அச்சை நிமிர்த்தாது. (காட்டு வழியில் ஓட்டும்போது கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே விடாதீர்கள். டேம்பர் நன்றாக இருந்தாலும் சரி.)

உங்கள் வண்டியின் முன் அச்சு ஒரே துண்டு. இரண்டு முன் சக்கரங்களும் ஒரு தண்டால் கட்டப்பட்டு ஒன்றாகத்தான் திரும்பும். எங்கேயாவது ஒரு மூட்டில் தளர்வு இருந்தால், பள்ளத்தில் வாங்கிய அடி அடங்காமல் இரு பக்கமும் மாறி மாறி ஆடத் தொடங்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்த ஆட்டம் தன்னைத் தானே ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும். அதனால்தான் வேகம் இறங்கும்வரை அது ஓய்வதில்லை. புது டேம்பர் போட்டால் சில வாரம் அமைதியாக இருக்கும். பிறகு அதே ஆட்டம் புது டேம்பரின் சீலையும் அடித்து நொறுக்கும். அப்போது டேம்பர் மட்டம், கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம்.

சரி செய்யும்வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். வேறு வழியில்லாமல் போய் ஆட்டம் பிடித்துக்கொண்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானாக இறங்கவிட்டு ஓரம் கட்டுங்கள்.

இப்போது சோதனை. முதலில் செலவே இல்லாத ஒன்று: நான்கு ரிம்களின் உட்புறத்தையும் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் உள்வளையத்தில் அப்பிக் காய்ந்திருந்தால் சக்கரத்தின் சமநிலை போய்விடும். கையளவு மண் போதும், ஸ்டியரிங் நடுங்க. சுரண்டிக் கழுவிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரிய சேற்று டயரைச் சமன் செய்வதே சிரமம். அதை மாட்டிய நாளில் பேலன்சிங் செய்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிஃபெண்டரின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; எஞ்சின் சக்தியை முன்பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. இழுத்த பிறகும் வண்டி கொஞ்சம் முன்பின் நகரும். அடியில் படுக்கப் போகிறவருக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்றுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்கு ‘டக்’ என்று தெரியும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க், இரு சக்கரத்தையும் கட்டும் டிராக் ராட், இவற்றின் பந்து மூட்டுகள் எல்லாவற்றையும் தொடுங்கள். பாக்ஸைச் சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் விடாதீர்கள்.

பேன்ஹார்ட் ராடில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் தண்டு அது. ஆட்டம் என்று கேள்வி வந்தால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதன் புஷ் ரப்பர் கிழிந்திருக்கலாம். போல்ட் போகும் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். வண்டியின் அடிப்பகுதி முழுக்கச் செம்மண் படிந்திருக்க, அந்த போல்ட் தலையைச் சுற்றி மட்டும் இரும்பு பிறை வடிவில் பளபளவென்று தெரிந்தால், அங்கே ஏதோ நகர்ந்து உரசுகிறது. ஓட்டை தேய்ந்திருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை; தேய்ந்த இடத்தைச் சரிசெய்து சரியான அளவு போல்ட் போட வேண்டும்.

பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கரப் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் திரும்பும் அச்சாணியான சுவிவல் பின் தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிவிட்டு ஆட்டம் போகவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் பலர்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று என் கண்ணில் பட்டது: இரண்டு அங்குலம் உயர்த்தியது. சைக்கிளின் முன் கவை சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது. டிஃபெண்டரில் அதே காரியத்தைச் செய்வது காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணியின் சாய்வு. தொழிற்சாலை வைத்த அளவு 3 பாகை. ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால், அச்சைச் சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து, அச்சு முன்பக்கமாக உருளும். அந்த 3 பாகையில் பெரும் பங்கு போய்விடும். பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, மேடுபள்ளத்தில் அலையும். உயர்த்தியவர் காஸ்டரைத் திருத்தும் ஆர்மோ புஷ்ஷோ போட்டாரா என்று விசாரியுங்கள். ரிம் அகலமாக வெளியே தள்ளி நிற்கிறது என்றால் அடி இன்னும் பெரிதாக ஸ்டியரிங்கில் வந்து விழும். சக்கர நேர்ப்பாட்டையும் (அலைன்மென்ட்) பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் முன் சக்கரங்கள் மிக லேசாக உள்நோக்கி இருக்கும். டிஃபெண்டரில் லேசாக வெளிநோக்கி. தெரியாதவர் கையில் கொடுத்தால் மற்ற வண்டிபோல் வைத்துவிடுவார்.

இவ்வளவும் முடிந்த பிறகு டேம்பரைக் கழற்றுங்கள். முந்தின இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். நட்டைச் சுழற்றும்போது டேம்பர் முனையில் இருக்கும் மரை போட்ட ஆணியும் (பின்) சேர்ந்து சுழன்று எரிச்சலூட்டும். பின்னின் நுனியில் தட்டையாகச் சீவிய இடம் இருக்கும், அதை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள். வாஷர், ரப்பர், வாஷர் என்ற வரிசையையும், வாஷரின் குழிந்த பக்கம் எங்கே பார்க்கிறது என்பதையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒரு முனை கூம்பு பின்னாக இருக்கும். அதை எடுக்க இழுப்பான் வேண்டும். மரையின் மேல் சுத்தியலால் அடித்தீர்களென்றால் அதோடு கதை முடிந்தது.

கழற்றிய டேம்பரைப் படுக்கைவாட்டில் பிடித்து முழுக்க இழுங்கள், முழுக்க அழுத்துங்கள். இரு திசையிலும், தொடக்கம் முதல் கடைசி வரை, ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் கை சட்டென்று வழுக்கிப் போனால் அது செத்துவிட்டது. பெரும்பாலும் அந்த இடம் நடுவில்தான் இருக்கும், ஏனென்றால் நேராக ஓடும்போது பிஸ்டன் அங்கேதான் கிடந்து தேய்கிறது. சீல் ஓரம் எண்ணெய் லேசாகப் பூத்திருப்பது தவறில்லை, சொட்டினால் தவறு. தண்டில் வளைவு, உருளையில் நசுங்கல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லாம் நன்றாக இருந்தால் பழையதையே மாட்டுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் பழையதைக் கையோடு எடுத்து வாருங்கள். புதியதும் பழையதும் முழுக்க விரிந்த நீளம், முழுக்கச் சுருங்கிய நீளம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் வண்டிக்கு வாயு அழுத்தம் இல்லாத சாதாரண எண்ணெய் டேம்பர் போதும். உடம்பில் மேல் பக்கம் என்று குறி இருந்தால் அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன், படுக்கும் நிலையிலேயே சில முறை இழுத்து அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

முனையில் சாதாரண பின் உள்ள வகையில் ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். ரப்பர் நசுங்கித் தட்டையாகும்வரை இறுக்கினால் சீக்கிரம் கிழியும், டேம்பரும் கோணலாக இழுபடும். பூட்டு நட் இருந்தால் மறக்காமல் போடுங்கள். கூம்பு பின்னில் வெட்டுகள் உள்ள கோட்டை நட் இருந்தால், ஊசிப் பின் ஓட்டைக்கு நேராக வரவில்லையென்று நட்டைப் பின்னால் தளர்த்தாதீர்கள்; அடுத்த வெட்டு வரும்வரை முன்னால்தான் இறுக்க வேண்டும். ஊசிப் பின் எப்போதும் புதிது.

பலர் செய்யாமல் விடுவது இதற்குப் பிறகு. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பச் சொல்லிக் கீழிருந்து பாருங்கள். இரு கோடியிலும் டேம்பருக்குள் இன்னும் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். சக்கரத்தை நிறுத்த வேண்டியது அச்சில் இருக்கும் ஸ்டாப் போல்ட். டேம்பர் தன் உடம்பால் நிறுத்தினால் ஒருநாள் அதன் முனைப் பின் ஒடியும், அல்லது தண்டு வளைந்து ஸ்டியரிங் பாதியில் சிக்கும். மலைப்பாதையில் அது நடந்தால் என்னவாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நேராக இருக்கும்போது பிஸ்டன் ஏறக்குறைய நடுவில் நிற்கிறதா, பிரேக் குழாயை எதுவும் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முதல் காட்டுப் பயணம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் தன் ஜீப்புக்குச் சிவப்பு நிறத்தில் பெரிய டேம்பர் ஒன்றை இணையத்தில் வாங்கிப் போட்டான். அன்றிலிருந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதாம். அதெல்லாம் பழகிவிடும் என்கிறான். பேரப்பிள்ளைகள் அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
(வாசகி, லிந்தாங்)

பதில்: பழகிவிடும் என்று சொல்லும் மகனை இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், அம்மா. அந்தச் சிவப்பு டேம்பர் அநேகமாக வாயு அடைத்தது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பட்டை கட்டியிருந்ததா என்று கேளுங்கள். பட்டையை வெட்டியதும் தானாக நீண்டது என்றால் சந்தேகமே இல்லை. ஒரு முனை சேசிஸிலும் மறு முனை ஸ்டியரிங் தண்டிலும் இருக்கும்போது, அந்தத் தள்ளல் சக்கரத்தை ஒரே பக்கமாகத் திருப்பப் பார்க்கும்.

உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிப் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, வண்டி நடமாட்டம் இல்லாத தோட்டத்துச் சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். இழுப்பு போய்விட்டால் குற்றவாளி அதுதான். போகவில்லையென்றால் டயர் காற்று, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், சக்கர நேர்ப்பாடு என்று தேட வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிய சாலை ஓரத்துக்குச் சரிந்திருக்கும். லேசாக இடப்பக்கம் சாய்வது சாலையின் குணமாகவும் இருக்கலாம். அதனால் சோதனையைச் சமமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் நேருக்கு வரவில்லையே என்று டிராக் லிங்க்கை நீட்டியும் சுருக்கியும் சரிக்கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்போது ஸ்டியரிங் பார்ப்பதற்கு நேராக நிற்கும், இழுப்பு அப்படியே இருக்கும். வாயு அழுத்தம் குறைந்ததோ இல்லாததோ வாங்கிப் போடுவதே தீர்வு. நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

கேள்வி: காட்டு வாகனப் போட்டி வண்டிகளில் இரண்டு டேம்பர் போட்டிருப்பதைப் பார்த்தேன். நானும் என் ஜிம்னிக்கு இரட்டை டேம்பர் போடலாமா?
(வாசகர், கூலிம்)

பதில்: ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி 1997 முதல் நம் நாட்டுக் காடுகளில் நடந்து வருகிறது. அதில் ஓடும் வண்டிகளின் டயரைப் பார்த்தீர்களா? அந்தப் பாரமான டயருக்கும், நாள்கணக்கில் வாங்கும் அடிக்கும் அவர்கள் போடுவதை, சந்தைக்குப் போய் வரும் ஜிம்னிக்குப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும். திருப்பியபின் நேருக்கு வரச் சோம்பல்படும். ஸ்டியரிங் பாக்ஸும் கூடுதலாக உழைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், தேய்ந்த மூட்டு கொடுக்கும் எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்து சேராது. ஜிம்னியில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வருகிற வண்டிகளில் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங்கை முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்தால் தொழிற்சாலை போட்ட ஒற்றை டேம்பரே போதும்.

கேள்வி: பழைய கஞ்சில் காரின் ஷாக் அப்சார்பர் ஒன்று சும்மா கிடக்கிறது. நீளம் சரியாக இருக்கிறது. அதையே ஸ்டியரிங் டேம்பராக வெல்டிங் செய்து மாட்டலாமா? காசு மிச்சம்.
(வாசகர், பீடோர்)

பதில்: வேண்டாம். சாதாரண ஷாக், விரியும்போது அதிகமாகவும் சுருங்கும்போது குறைவாகவும் எதிர்க்கும்படி செய்யப்பட்டது. அதை ஸ்டியரிங்கில் மாட்டினால் ஒரு பக்கம் திருப்ப ஒரு கனம், மறு பக்கம் திருப்ப வேறு கனம். ஸ்டியரிங் டேம்பர் இரு திசையிலும் சமமாக எதிர்க்க வேண்டும். இன்னொன்று, இரட்டை உருளை ஷாக்குகள் நிமிர்ந்து நிற்க வேண்டியவை. படுக்கப் போட்டால் காற்று எண்ணெயில் கலந்து நுரைத்து, தேவையான நேரத்தில் எதிர்ப்பே இருக்காது. அழுத்தம் அடைத்த உருளையின் மேல் வெல்டிங் நெருப்பைக் காட்டுவது பற்றித் தனியாகத் திட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

கேள்வி: தோட்டத்தில் மேற்பார்வை வேலை. தினமும் செம்பனை வரிசைகளுக்கு இடையில்தான் ஓட்டம். டேம்பர் அடிக்கடி ஒழுகுகிறது. என்ன காரணம்?
(வாசகர், பாகான் டத்தோ)

பதில்: தேய்ந்த மூட்டு இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் காரணம் இரண்டில் ஒன்று: சேறு அல்லது செம்பனை மட்டை. தண்டின் மேல் காய்ந்த சேறு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை உப்புத்தாள்போல் தேய்க்கும். மாலையில் வண்டியைக் கழுவும்போது தண்டையும் மென்மையாக நனைத்துத் துடையுங்கள். அதிவேக நீரை நேராகச் சீலின் மேல் அடித்தால் மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். தண்டின் மேல் கிரீஸ் பூசி வைக்கிறவர்களும் உண்டு. அதில் மணல் ஒட்டிக்கொள்ளும், பூசாதீர்கள். தூசி உறை இருந்தால் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

மட்டை விஷயம் தோட்டத்துக்காரருக்குத்தான் புரியும். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கி வைக்கிறார்கள். புல் வளர்ந்து மூடிய பிறகு அடிமட்டை எங்கே நிமிர்ந்து நிற்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. டேம்பர் அச்சுக்கு முன்னால் தொங்கும் வண்டிகளில் அது நேராகப் போய் உருளையில் குத்தும். சின்ன நசுங்கல்தான், வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே பிஸ்டன் அங்கே வந்து வந்து முட்டும். விரலால் உருளையைச் சுற்றித் தடவினால் தெரிந்துவிடும். ஸ்டியரிங்குக்கு முன்னால் இரும்புக் காப்புத் தகடு ஒன்று போட்டுவிடுங்கள். டேம்பரோடு டிராக் லிங்க்கும் பிழைக்கும். தகட்டுக்குள் சேறு தங்காமல் வடிய ஓட்டைகள் இருக்கட்டும்.

கேள்வி: பழைய லேண்ட் ரோவர் ஒன்று விலைக்கு வருகிறது. தரகர் “பி5 சோதனையில் தேறியது, புது டேம்பர் போட்டிருக்கிறது” என்கிறார். வாங்கலாமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நம்மூர்க்காரரா, வாருங்கள். பி5 பெயர் மாற்றத்துக்காக நடக்கும் சோதனை. தேறியது என்றால் அன்றைக்குத் தேறியது, அவ்வளவே. இருபது முப்பது வயது வண்டியில் எல்லாம் பழையதாக இருக்க, டேம்பர் மட்டும் பளபளக்கிறது என்றால் எனக்கு மகிழ்ச்சி வராது. எதை மூடி வைக்கப் போட்டார்கள் என்றுதான் கேட்பேன்.

முதலில் வண்டி எந்தத் தலைமுறை என்று பாருங்கள். லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அதனால் எந்தப் பழைய லேண்ட் ரோவரைப் பார்த்தாலும் இந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை வைத்திருப்பார்கள். தரகர் அந்தக் கதைக்கும் சேர்த்து விலை சொல்வார், கொடுக்காதீர்கள். முதல் மூன்று தலைமுறைகளில் முன்பக்கம் இலை ஸ்பிரிங். அவற்றில் பேன்ஹார்ட் ராட் கிடையாது. இலைகளின் புஷ்ஷையும், அவற்றைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளையும் பார்க்க வேண்டும். 1983இல் ஒன் டென் (110) வந்தபோதுதான் சுருள் ஸ்பிரிங் வந்தது. டிஃபெண்டர் என்ற பெயர் 1990இல். அந்தப் பழைய வடிவம் 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. இவற்றில் எதுவானாலும் முதல் பதிலில் லாசா தம்பிக்குச் சொன்ன சோதனைகளை, உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறவரை, தரகரின் முன்னாலேயே செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று செய்யச் சொல்லுங்கள்: டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டட்டும். எல்லாம் இறுக்கமாக இருக்கும் வண்டி டேம்பர் இல்லாமலும் அடக்கமாக ஓடும். கல்லில் ஏறும்போது மட்டும் கைக்கு அடி கொஞ்சம் அதிகம் தெரியும். தரகர் கழற்ற மறுத்தால், பேசிய விலையில் முன் அச்சு வேலைக்கான பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஜாலோங் சாலையில் இன்னொரு வண்டி விற்பனைக்கு நிற்கிறது, நேற்றுப் பார்த்தேன். அதன் டேம்பர் பழையதாகத்தான் தெரிந்தது.